‘வழக்கை நடத்தவில்லை’ என்று தள்ளுபடியாகும் சிறைவாசிகளின் ஆட்கொணர்வு மனுக்கள்: அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றங்கள் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கச் சிறையில் இருக்கும் ஒருவர் தம் தண்டனையை எதிர்த்துக் கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு தாக்கல் செய்கிறார். சில மாதங்கள் கழித்து, மனுவில் அவர் எழுப்பிய வாதங்களில் ஒன்றைக்கூடத் தொடாமல், ‘மனுதாரர் வழக்கைத் தொடர்ந்து நடத்தவில்லை’ என்ற ஒரே காரணத்துக்காக அது தள்ளுபடியாகிறது. பெரும்பாலும் இரண்டு மூன்று பக்கங்களில் முடிந்துவிடும் அந்த உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு குடும்பத்தாரும் சட்ட மாணவர்களும் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் தரப்படுகிறது. இது பொதுவான விளக்கம் மட்டுமே. நடப்பில் உள்ள ஒரு வழக்குக்கு, அந்தந்த மேல்முறையீட்டுச் சர்க்கியூட்டின் (பல மாநிலங்களைச் சேர்த்து வகுத்த கூட்டாட்சி மேல்முறையீட்டு வட்டாரத்தின்) முன்தீர்ப்புகளையும் அந்த நீதிமன்றத்தின் உள்ளூர் விதிகளையும் அறிந்த வழக்கறிஞரைத்தான் அணுக வேண்டும்.

ஆட்கொணர்வு மனு என்றால் காணாமற்போனவரை நீதிமன்றத்தில் நிறுத்தக் கோருவது அல்லவா? தண்டனை பெற்றவர் அதை எப்படித் தாக்கல் செய்ய முடியும்?

தமிழ்ச் செய்தித்தாள்களில் இந்தச் சொல் காணாமற்போனவர்களையோ குண்டர் சட்டத்தில் அடைக்கப்பட்டவர்களையோ பற்றிய செய்திகளில்தான் பெரும்பாலும் வருகிறது என்பதால் இந்தக் குழப்பம் இயல்பானது. அமெரிக்காவில் இதே பெயருடைய மனு வேறு வழியில் வளர்ந்தது. ஹேபியஸ் கார்ப்பஸ் உரிமையைக் கலகமோ படையெடுப்போ நேர்ந்து பொதுப் பாதுகாப்பு கோரினால் தவிர நிறுத்திவைக்கக் கூடாது என்று அந்நாட்டு அரசமைப்புச் சட்டத்தின் முதல் உறுப்பின் 9-ஆம் பிரிவு சொல்கிறது. 1867-இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம், மாநில நீதிமன்றங்களால் சிறைவைக்கப்பட்டவர்களும் கூட்டாட்சி நீதிமன்றத்தை நாட வழி திறந்தது. இன்று மாநிலத் தண்டனைக் கைதிகள் கூட்டாட்சிச் சட்டத் தொகுப்பின் 28-ஆம் தலைப்பிலுள்ள 2254-ஆம் பிரிவின் கீழும், கூட்டாட்சித் தண்டனைக் கைதிகள் 2255-ஆம் பிரிவின் கீழும் மனுச் செய்கிறார்கள். குடிவரவுக் காவலில் இருப்பவர்கள் உள்ளிட்ட பிறருக்கு 2241-ஆம் பிரிவு.

குடிவரவு வழக்குகளில் இந்த மனுவின் எல்லையைக் குறுக்கிய 2020-ஆம் ஆண்டுத் தீர்ப்பு, இலங்கையிலிருந்து அடைக்கலம் தேடிச் சென்ற விஜயகுமார் துரைசிங்கம் என்ற தமிழரின் வழக்கில் வந்தது. கலிபோர்னியாவில் எல்லைக்கு வடக்கே 25 கெஜத் தொலைவுக்குள் பிடிபட்டவர் அவர். அந்த வழக்கு மனுவை நடத்தாமை பற்றியது அல்ல என்பதால் இங்கே அதை மேலும் தொடரவில்லை.

‘நடத்தாமை’ என்று எந்த விதியின் கீழ் தள்ளுபடி செய்கிறார்கள்?

கூட்டாட்சி சிவில் நடைமுறை விதிகளில் 41(பி) என்ற விதி இருக்கிறது. வழக்குத் தொடுத்தவர் அதை நடத்தாமல் விட்டாலோ, விதிகளுக்கோ நீதிமன்ற உத்தரவுக்கோ கீழ்ப்படியாமல் போனாலோ, வழக்கைத் தள்ளுபடி செய்யும்படி எதிர்த்தரப்பு கோரலாம் என்கிறது அது. சிவில் விதி ஒன்று சிறைவாசியின் மனுவுக்குள் நுழைவது எப்படி என்றால், 2254-ஆம் பிரிவு வழக்குகளுக்கென்று தனியாக உள்ள விதிகளில் 12-ஆவது விதி, முரண்படாத அளவுக்குச் சிவில் விதிகளையும் பயன்படுத்தலாம் என்று அனுமதிக்கிறது.

எதிர்த்தரப்பு கேட்காமலேயே நீதிபதி தாமாகத் தள்ளுபடி செய்யலாமா என்பதற்கு 1962-ஆம் ஆண்டின் லிங்க் எதிர் வபாஷ் ரயில்ரோடு தீர்ப்பே இன்றுவரை அடிப்படை. லிங்க் என்பவரின் காரும் வபாஷ் நிறுவனத்தின் ரயிலும் மோதிக்கொண்ட விபத்துக்காக 1954-இல் தொடுக்கப்பட்ட நஷ்டஈட்டு வழக்கு அது. ஆறாண்டுகள் இழுத்த பிறகு, 1960 அக்டோபர் 12 அன்று பகல் ஒரு மணிக்கு வைத்திருந்த முன்விசாரணைக் கூட்டத்துக்கு லிங்க்கின் வழக்கறிஞர் வரவில்லை. வேறொரு நீதிமன்றத்துக்கான தாள்களைத் தயாரித்துக்கொண்டிருப்பதாகத் தொலைபேசியில் மட்டும் சொல்லியிருந்தார். ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் வழக்கு தள்ளுபடியானது. அத்தகைய அதிகாரம் நீதிமன்றத்துக்கு இயல்பாகவே உண்டு என்று உச்ச நீதிமன்றம் 4-க்கு 3 என்ற கணக்கில் சொன்னது. வழக்கறிஞர் ஒருவர் கூட்டத்துக்கு வராத சிவில் வழக்கில் பிறந்த இந்த அதிகாரம், வழக்கறிஞரே இல்லாமல் சிறை அறையிலிருந்து கையால் எழுதி அனுப்புகிறவர்மீதும் அப்படியே பாய்கிறது.

நடைமுறையில் சிறைவாசி எதைச் செய்யாமல் விட்டதால் இது நேர்கிறது?

மிகச் சாதாரணமான காரியங்களைத்தான். ஆட்கொணர்வு மனுவுக்கான கட்டணம் 5 டாலர். மற்ற சிவில் வழக்குகளுக்கு 405 டாலர் என்பதோடு ஒப்பிட்டால் இது பெயரளவுக்கு வைத்த தொகை. அதையும் கட்ட இயலாதவர், தம் ஏழ்மையை உறுதிமொழியாக எழுதித் தருவதோடு, சிறைக் கணக்கில் தமக்கு எவ்வளவு பணம் இருக்கிறது என்று வார்டனோ வேறு பொறுப்பான அதிகாரியோ கையொப்பமிட்ட சான்றையும் இணைக்க வேண்டும். அந்த அதிகாரி சான்றைத் தரத் தாமதித்தால், மனு ‘குறைபாடுள்ளது’ என்ற அறிவிப்பு வரும். அதைச் சரிசெய்யக் கெடு வைப்பார்கள். பல நீதிமன்றங்களில் 30 நாள். கெடு கழிந்தும் ஒன்றும் வராவிட்டால் தள்ளுபடி.

அரசமைப்புச் சட்ட உரிமை எதுவும் மீறப்பட்டதாகத் தெளிவாகச் சொல்லாத மனுவைத் திருத்தி, நீதிமன்றம் அனுப்பும் படிவத்திலேயே எழுதித் தரும்படி உத்தரவிடுவதும் உண்டு. அதற்குப் பதில் போகாவிட்டாலும் இதே முடிவுதான்.

இன்னொரு வகை சற்று நுட்பமானது. மாநில நீதிமன்றத்தில் இன்னும் எழுப்பப்படாத கோரிக்கைகளும் மனுவில் கலந்திருந்தால், அவற்றை முதலில் அங்கே முடித்துவிட்டு வரும்வரை கூட்டாட்சி நீதிமன்றம் வழக்கை நிறுத்திவைக்கலாம் என்று 2005-இல் ரைன்ஸ் எதிர் வெபர் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. அப்படி நிறுத்திவைக்கும்போது கால வரையறை இருக்க வேண்டும் என்றும் சொன்னது. மாநில நீதிமன்றத்துக்குப் போவதற்கு 30 நாள், அங்கே முடிந்ததும் திரும்பி வருவதற்கு 30 நாள் என்பது அந்தத் தீர்ப்பு எடுத்துக்காட்டிய அளவு. இடையில் நிலை அறிக்கை அனுப்பும்படி உத்தரவிடும் நீதிபதிகளும் உண்டு. மாநில வழக்கு இரண்டாண்டுகள் ஊர்ந்து செல்ல, கூட்டாட்சி நீதிமன்றத்துக்கு இடையிடையே ஒரு பக்கம் எழுதிப் போட வேண்டும் என்பதைச் சிறைவாசி மறந்துவிட்டால், நிறுத்திவைத்த வழக்கும் நடத்தப்படாத வழக்காகிவிடும்.

இவை எல்லாவற்றையும்விட அடிக்கடி நேர்வது முகவரி மாற்றம்.

முகவரி மாறியதற்காகவா ஒரு மனுவைத் தள்ளுபடி செய்வார்கள்?

செய்கிறார்கள். கூட்டாட்சி நீதிமன்றங்களின் உள்ளூர் விதிகள், வழக்கறிஞர் இல்லாமல் தாமே வழக்காடுபவர் தம் தற்போதைய முகவரியை நீதிமன்றத்துக்குத் தெரிவித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று கட்டளையிடுகின்றன. எடுத்துக்காட்டாக, கலிபோர்னியாவின் வடக்கு மாவட்ட நீதிமன்ற விதிப்படி, நீதிமன்றம் அனுப்பிய கடிதம் சேராமல் திரும்பி வந்து, அதன் பிறகு 60 நாளுக்குள் புதிய முகவரி எழுத்து மூலம் வராவிட்டால் வழக்கைத் தள்ளுபடி செய்யலாம்.

சிறைவாசியை ஒரு சிறையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது அவர் உடைமைகள் பின்னால்தான் வந்து சேரும்; வழக்குத் தாள்கள் உள்ள பெட்டியும் அவற்றோடு வரும். வழக்கு எண் அந்தப் பெட்டிக்குள் இருக்கிறது. பழைய சிறைக்கு வந்த நீதிமன்ற உறை, ‘இங்கே இல்லை, அனுப்பியவருக்கே திருப்புக’ என்ற அஞ்சல் துறையின் மஞ்சள் ஒட்டுத்தாளோடு எழுத்தர் அலுவலகத்துக்குத் திரும்புகிறது. எழுத்தர் அதை வழக்குப் பதிவேட்டில் ஒரு வரியாகப் பதிகிறார்: அனுப்பிய கடிதம் சேராமல் திரும்பியது. அந்த ஒரு வரியிலிருந்து நாள் எண்ணப்படத் தொடங்குகிறது. காரணம் கேட்டு நீதிபதி பிறப்பிக்கும் அடுத்த உத்தரவும் அதே பழைய முகவரிக்கே போய் அதே ஒட்டுத்தாளோடு திரும்பும். கடைசியில் தள்ளுபடி உத்தரவும் அப்படித்தான் போகும். தம் வழக்கு முடிந்துவிட்டது என்பதையே அறியாமல் பல மாதம் காத்திருந்து, ‘என் மனு எந்த நிலையில் இருக்கிறது?’ என்று சிறைவாசி எழுதிக் கேட்கும்போதுதான் எல்லாம் தெரியவரும்.

அவரைச் சிறைவைத்திருக்கும் அரசுதானே எதிர்மனுதாரர்? அவர் எங்கே இருக்கிறார் என்று அதற்குத் தெரியாதா?

தெரியும். 2254-ஆம் பிரிவு மனுவில் எதிர்மனுதாரராகக் குறிக்கப்படுபவரே மனுதாரரைக் காவலில் வைத்திருக்கும் அதிகாரிதான். கூட்டாட்சிச் சிறைத் துறை தன் இணையதளத்தில் கைதியின் பெயரையோ எண்ணையோ கொடுத்தால் அவர் இருக்கும் சிறையைக் காட்டும் வசதியை எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கிறது. மாநிலச் சிறைத் துறைகள் பலவும் அப்படியே. ‘ஆளைக் கொண்டுவந்து நிறுத்து’ என்று அதிகாரிக்கு ஆணையிடுவதற்காகவே பிறந்த மனுவை, ஆள் எங்கே என்று தெரியவில்லை என்று சொல்லித் தள்ளுபடி செய்வதில் உள்ள முரண் எனக்கு எப்போதும் உறுத்தலாகவே இருந்திருக்கிறது.

நீதிமன்றங்களின் தரப்பும் இருக்கிறது. 1988-ஆம் ஆண்டின் கேரி எதிர் கிங் வழக்கில், தம் முகவரியைத் தெரிவிக்காமல் விட்டவரின் வழக்கைத் தள்ளுபடி செய்ததை ஒன்பதாம் சர்க்கியூட் உறுதிசெய்தது. வழக்காடுபவரின் தவறாலேயே அவரைத் தொடர்புகொள்ள முடியாதபோது வழக்கை வரம்பின்றி நிறுத்திவைத்திருக்கச் சொல்வது அபத்தம் என்பது அதன் கருத்து. ஆயிரக்கணக்கான வழக்குகளை வைத்திருக்கும் எழுத்தர் அலுவலகம் ஒவ்வொருவரையும் தேடிக்கொண்டிருக்க முடியாது என்பது உண்மைதான். ஆனால் தேடுவதற்கு அரை நிமிடம் போதும் என்ற நிலையில், தாமே தேடிப் பார்த்துப் புதிய சிறைக்கு உத்தரவை மறுபடி அனுப்பச் சொல்லும் நீதிபதிகளும் இருக்கிறார்கள், அது தம் வேலை இல்லை என்று எழுதும் நீதிபதிகளும் இருக்கிறார்கள். எவரிடம் வழக்குப் போய்ச் சேர்கிறது என்பது சிறைவாசியின் கையில் இல்லை.

சிறை மாற்றத்தால் வழக்கு விசாரிக்கும் அதிகாரம் போய்விடாது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானிய வம்சாவளியினரை முகாம்களில் அடைத்ததை எதிர்த்து மிட்சுயே எண்டோ தாக்கல் செய்த மனு நிலுவையில் இருக்கையில், அவர் கலிபோர்னியாவின் டூலி லேக் முகாமிலிருந்து யூட்டா மாநிலத்தின் டோபாஸ் முகாமுக்கு மாற்றப்பட்டார். அதனால் முதல் நீதிமன்றத்தின் அதிகாரம் அற்றுப்போகவில்லை என்று 1944 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆக, மாற்றத்தால் அறுந்துபோவது கடிதத் தொடர்பு மட்டுமே. வழக்கை முடித்துவைக்க அதுவே போதுமானதாக இருக்கிறது.

எச்சரிக்கை எதுவும் இல்லாமல் தள்ளுபடி செய்துவிடுவார்களா?

பொதுவாக இல்லை. ‘வழக்கை ஏன் தள்ளுபடி செய்யக் கூடாது என்பதற்குக் காரணம் காட்டுக’ என்ற உத்தரவு முதலில் வரும். பல இடங்களில் மாஜிஸ்திரேட் நீதிபதி தள்ளுபடிக்குப் பரிந்துரை எழுதுவார். அதன் நகல் கிடைத்த 14 நாளுக்குள் ஆட்சேபணை தெரிவிக்கலாம். அதன் பிறகே மாவட்ட நீதிபதி இறுதி உத்தரவிடுவார்.

உத்தரவுக்குள் நீதிபதி எதை எடைபோட வேண்டும் என்பது சர்க்கியூட்டுக்குச் சர்க்கியூட் மாறுகிறது. ஒன்பதாம் சர்க்கியூட்டில், வழக்குகள் விரைந்து முடிவதில் பொதுமக்களுக்குள்ள அக்கறை, நீதிமன்றம் தன் பணிச்சுமையை நிர்வகிக்க வேண்டிய தேவை, எதிர்த்தரப்புக்கு நேரும் பாதிப்பு, வழக்கைத் தகுதியின் அடிப்படையில் முடிப்பதே மேல் என்ற கொள்கை, தள்ளுபடியைவிடக் குறைந்த நடவடிக்கை ஏதும் உண்டா என்பது ஆகிய ஐந்தையும் பார்ப்பார்கள். மூன்றாம் சர்க்கியூட்டின் 1984-ஆம் ஆண்டு பூலிஸ் தீர்ப்பு ஆறு அம்சங்களைக் கேட்கிறது. தாமதத்துக்கு மனுதாரரே நேரடிப் பொறுப்பா, வேண்டுமென்றே செய்தாரா, அவர் கோரிக்கையில் சாரம் இருக்கிறதா என்பவை அவற்றில் அடங்கும். கோரிக்கையின் சாரத்தையும் பார்க்கச் சொல்வதால் சிறைவாசிக்கு இது சற்றே சாதகமான அளவுகோல் என்று நினைக்கிறேன்.

உத்தரவுகளைத் தொடர்ந்து வாசிப்பவருக்கு ஒன்று தெரியும். இந்த அம்சங்களை அலசும் பத்தி பல உத்தரவுகளில் ஏறத்தாழ ஒரே வார்த்தைகளில் இருக்கும். எதிர்த்தரப்புக்கு என்ன பாதிப்பு என்ற இடத்தில் ‘தாமதம் பாதிப்பை உண்டாக்கும் என்று கருதலாம்’ என்ற வாசகம் வரும். ஆட்கொணர்வு மனு தாமதமாவதால் துன்பப்படுபவர் சிறைக்குள் இருப்பவரே என்பதால், அந்த வாசகம் இவ்வகை வழக்கில் சரியாகப் பொருந்துவதில்லை. தள்ளுபடிக்கு எதிராக வாதிடும்போது முதலில் சுட்டிக்காட்ட வேண்டிய இடம் அதுதான்.

அரசின் பதிலுக்கு மறுமொழி தாக்கல் செய்யாவிட்டால் அதுவும் நடத்தாமையா?

ஆகாது என்பதே சரியான வாசிப்பு. 2254-ஆம் பிரிவு வழக்குகளுக்கான தனி விதிகளில் ஐந்தாவது விதி, மனுதாரர் மறுமொழி தாக்கல் செய்யலாம் என்றுதான் சொல்கிறது. செய்தே தீர வேண்டும் என்று சொல்லவில்லை. ஆனால் சும்மா இருப்பதற்கு வேறொரு விலை உண்டு. அரசு தன் பதிலில் சொல்லும் சங்கதிகள் மறுக்கப்படாவிட்டால், அவை உண்மையல்ல என்று சாட்சியத்திலிருந்து நீதிபதிக்குத் தெரிந்தாலொழிய, உண்மையாகவே ஏற்கப்படும் என்று 2248-ஆம் பிரிவு கூறுகிறது.

அரசுத் தரப்பு கெடு தவறினால் மனுதாரர் விடுதலையாவாரா?

மாட்டார். சிவில் வழக்கில் எதிர்த்தரப்பு பதில் தராவிட்டால் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பு வாங்கலாம். ஆட்கொணர்வு மனுவில் நீதிமன்றங்கள் அதை ஏற்பதில்லை. காவலின் சட்டப்பூர்வத்தன்மையை ஆராயாமல், அதிகாரி சோம்பேறியாக இருந்தார் என்பதற்காக மட்டும் குற்றவாளியை வெளியே விடக் கூடாது என்பது காரணம். மூன்று நாளில் பதில் தர வேண்டும், தக்க காரணம் இருந்தால் 20 நாள்வரை நீட்டிக்கலாம் என்று 2243-ஆம் பிரிவு இன்னும் ஏட்டில் சொல்லிக்கொண்டிருக்க, நடப்பில் அரசுக்கு மாதக்கணக்கில் அவகாசம் கிடைக்கிறது.

உத்தரவில் ‘வித்தவுட் பிரிஜுடிஸ்’ என்று இருக்கிறது. அப்படியானால் மீண்டும் தாக்கல் செய்துவிடலாம் அல்லவா?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். ‘மறுபடி தாக்கல் செய்யும் உரிமைக்குக் குந்தகமின்றி’ என்பது அந்தச் சொற்களின் பொருள். அந்த உரிமையைக் காலக்கெடு அநேகமாக ஏற்கெனவே விழுங்கியிருக்கும்.

1996 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்த சட்டம், சிறைவாசியின் கூட்டாட்சி ஆட்கொணர்வு மனுவுக்கு ஓராண்டுக் கெடு விதித்தது. பெரும்பாலான வழக்குகளில் தண்டனைத் தீர்ப்பு இறுதியாகும் நாளிலிருந்து அந்த ஓராண்டு எண்ணப்படும். மாநில நீதிமன்றத்தில் முறைப்படி தாக்கல் செய்த மறுஆய்வு மனு நிலுவையில் இருக்கும் காலம் கணக்கில் சேராது. கூட்டாட்சி நீதிமன்றத்தில் மனு நிலுவையில் இருக்கும் காலம் சேரும். 2001-ஆம் ஆண்டின் டங்கன் எதிர் வாக்கர் தீர்ப்பு இதை ஐயத்துக்கு இடமின்றிச் சொல்லிவிட்டது.

ஓர் எளிய கணக்கு போட்டுப் பார்க்கலாம். தீர்ப்பு இறுதியாகிப் பத்தாம் மாதத்தின் முடிவில் ஒருவர் கூட்டாட்சி நீதிமன்றத்தில் மனுப் போடுகிறார். கையில் இரண்டு மாதம் மீதி இருக்கிறது. மனு நீதிமன்றத்தில் ஏழு மாதம் கிடந்து, முகவரி மாற்றத்தைத் தெரிவிக்கவில்லை என்று தள்ளுபடியாகிறது, உரிமைக்குக் குந்தகமின்றி. அந்த ஏழு மாதமும் ஓராண்டுக் கடிகாரம் ஓடிக்கொண்டே இருந்ததால், தள்ளுபடியான நாளில் கெடு முடிந்து ஐந்து மாதமாகியிருக்கும். மறுநாளே புதிய மனுப் போட்டாலும் அது காலம் கடந்தது. உத்தரவு கதவைத் திறந்து வைத்திருப்பதாகச் சொல்கிறது. கதவுக்கு அப்பால் சுவர்.

சில நீதிமன்றங்கள் இதை உணர்ந்தே நடக்கின்றன. காலக்கெடு காரணமாக மீண்டும் வழக்காட முடியாத நிலை இருந்தால், எந்தப் பெயரில் தள்ளுபடி செய்திருந்தாலும் அதை நிரந்தரத் தள்ளுபடியாகவே ஐந்தாம் சர்க்கியூட் பரிசீலிக்கிறது; தெளிவான தாமதமோ பிடிவாதமான கீழ்ப்படியாமையோ பதிவில் இருக்க வேண்டும், குறைந்த நடவடிக்கைகள் பயன்தராது என்பதும் தெரிய வேண்டும் என்று கேட்கிறது. காரணம் காட்டும் உத்தரவுக்குப் பதில் எழுதும் சிறைவாசி, ‘இப்போது தள்ளுபடி செய்தால் ஓராண்டுக் கெடுவால் எனக்கு மறு வாய்ப்பே இராது’ என்று தேதிகளோடு எழுதுவது, உடல்நலக் குறைவையும் நூலக மூடலையும் விவரிப்பதைவிடப் பலமான வாதம்.

‘குந்தகமின்றி’ என்ற சொல்லே உத்தரவில் இல்லையென்றால்?

நிலைமை இன்னும் கடினம். 41(பி) விதியின்படி, உத்தரவில் வேறுவிதமாகச் சொல்லாதவரை, அதிகார வரம்பின்மை போன்ற சில காரணங்களைத் தவிர மற்ற தள்ளுபடிகள் வழக்கின் தகுதியைத் தீர்மானித்ததாகவே கொள்ளப்படும். அப்படிக் கொண்டால் அடுத்த மனு ‘இரண்டாவது மனு’ என்ற வகைக்குள் விழுந்து, மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் முன்அனுமதி இல்லாமல் தாக்கல் செய்ய முடியாததாகிவிடக்கூடும். மாநில நீதிமன்றங்களை முதலில் நாடவில்லை என்பதற்காகத் தள்ளுபடியான மனுவை முதல் மனுவாகக் கணக்கிடக் கூடாது என்று சிறைவாசிக்குச் சாதகமாகச் சொன்ன 2000-ஆம் ஆண்டின் ஸ்லாக் எதிர் மெக்டேனியல் தீர்ப்பே, உத்தரவுக்குக் கீழ்ப்படியாதவரின் மனுவை 41(பி)-இன் கீழ் நிரந்தரமாகவே தள்ளுபடி செய்யலாம் என்றும் நினைவூட்டியது.

முதல் ஆட்கொணர்வு மனுவைத் தள்ளுபடி செய்வது மிகக் கனமான காரியம், அந்த மனு தரும் பாதுகாப்பையே முழுவதும் மறுப்பதாகும் என்று லான்சார் எதிர் தாமஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் எழுதியது 1996 ஏப்ரல் 1 அன்று. ஓராண்டுக் கெடு சட்டமானது அதற்கு 23 நாள் கழித்து.

தவறு வழக்கறிஞருடையது என்றால் சிறைவாசி தப்பலாமா?

தண்டனைக்குப் பிந்தைய மனுக்களுக்கு அரசுச் செலவில் வழக்கறிஞர் பெறும் அரசமைப்புச் சட்ட உரிமை இல்லை என்பதால், வழக்கறிஞரின் சாதாரணக் கவனக்குறைவு கட்சிக்காரர் தலையிலேயே விழும். மரண தண்டனை பெற்ற ரோஜர் கோல்மனின் வழக்கறிஞர்கள் வர்ஜீனியா மாநில நீதிமன்றத்தில் மேல்முறையீட்டு அறிவிப்பை மூன்று நாள் தாமதமாகக் கொடுத்தார்கள். அதனாலேயே கூட்டாட்சி நீதிமன்றங்கள் அவர் கோரிக்கைகளைக் கேட்க முடியாது என்று 1991-இல் தீர்ப்பானது. மறு ஆண்டு அவருக்குத் தண்டனை நிறைவேற்றப்பட்டது.

கவனக்குறைவு கைவிடலாகவே மாறினால் சட்டம் சற்று இளகுகிறது. புளோரிடாவின் மரண தண்டனைக் கைதி ஆல்பர்ட் ஹாலண்ட், ஓராண்டுக் கெடுவைத் தவறவிடக் கூடாது என்று தம் வழக்கறிஞருக்குக் கடிதம் மேல் கடிதம் எழுதினார். அவரை நீக்கும்படி நீதிமன்றத்தையும் கேட்டார்; பலன் இல்லை. 2007 ஜனவரியில் சிறை நூலகத்தில் இருந்தபோது, தம் மாநில வழக்கு ஐந்து வாரங்களுக்கு முன்பே முடிந்துவிட்டதைத் தாமாகவே கண்டுபிடித்தார். மறுநாளே கையால் எழுதிய மனுவை அஞ்சலில் சேர்த்தார். கெடு அதற்குள் கடந்திருந்தது. அசாதாரணமான தடையும் மனுதாரரின் விடாமுயற்சியும் சேர்ந்திருந்தால் கடிகாரத்தை நிறுத்தலாம் என்று 2010-இல் உச்ச நீதிமன்றம் அவர் வழக்கில் கூறியது.

அலபாமாவின் கோரி மேப்பிள்ஸ் வழக்கில் உறைகளே சாட்சியாயின. அவருக்காக இலவசமாக வாதாடிய இரு இளம் வழக்கறிஞர்கள், நியூயார்க்கிலிருந்த தங்கள் நிறுவனத்தைவிட்டு விலகியதை நீதிமன்றத்துக்குத் தெரிவிக்கவில்லை. மனு நிராகரிக்கப்பட்டதைச் சொல்லும் நீதிமன்ற உறைகள் திறக்கப்படாமலேயே திரும்பி வந்தன. ஒன்றின்மேல், நிறுவனத்தைவிட்டுப் போய்விட்டார் என்று எழுதியிருந்தது. எழுத்தர் அதை வைத்துக்கொண்டு வேறெதுவும் செய்யவில்லை. மேல்முறையீட்டுக்கான 42 நாளும் கடந்தன. கைவிடப்பட்டவர்மீது அந்தப் பழியைச் சுமத்த முடியாது என்று 2012-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

தள்ளுபடி உத்தரவு வந்த பிறகு என்ன செய்யலாம்?

முதல் 28 நாளுக்குள் என்றால், தீர்ப்பை மாற்றும்படி 59(இ) விதியின் கீழ் அதே நீதிபதியிடம் கேட்கலாம். அதற்குப் பின் என்றால் 60(பி) விதி. மன்னிக்கத்தக்க கவனக்குறைவு என்ற காரணத்துக்கு அதிகபட்சம் ஓராண்டு அவகாசம், அதுவும் நியாயமான காலத்துக்குள் கேட்க வேண்டும். இவற்றில் எதையும், தண்டனையை மறுபடி தாக்கும் வாதங்களால் நிரப்பக் கூடாது. ‘கடிதம் எனக்குக் கிடைக்கவில்லை, இன்ன தேதியில் இன்ன சிறைக்கு மாற்றப்பட்டேன், உத்தரவைக் கண்ட நாளில் எழுதுகிறேன்’ என்பதோடு நின்றால் அது நடைமுறைத் தவறைச் சரிசெய்யக் கேட்கும் மனுவாக இருக்கும். தண்டனையைப் பற்றிய வாதத்தைச் சேர்த்தால், 60(பி) மனுவையே இரண்டாவது ஆட்கொணர்வு மனுவாகக் கொண்டு தள்ளிவிட 2005-ஆம் ஆண்டின் கொன்சாலஸ் எதிர் கிராஸ்பி தீர்ப்பு இடம் தருகிறது.

மேல்முறையீட்டு அறிவிப்புக்கு, மாநிலக் கைதிகளுக்கு 30 நாள். அமெரிக்க அரசே எதிர்த்தரப்பாக உள்ள 2255-ஆம் பிரிவு வழக்குகளில் 60 நாள். இந்த இரு வகையினரும் மேல்முறையீட்டுத் தகுதிச் சான்றும் பெற வேண்டும். நடைமுறைக் காரணத்துக்காகத் தள்ளுபடியான வழக்கில், அந்த நடைமுறை முடிவு சரியா என்பதும், மனுவில் அரசமைப்பு உரிமை மீறல் சரியாகச் சொல்லப்பட்டிருக்கிறதா என்பதும், இரண்டுமே அறிவார்ந்த நீதிபதிகள் விவாதிக்கத்தக்கவையாக இருக்க வேண்டும். முதலாவதை மட்டும் எழுதி இரண்டாவதை விட்டுவிடுவது அடிக்கடி நேரும் பிழை.

சிறைக்குள்ளிருந்து தாமே வழக்காடுபவருக்கு ஒரு சலுகை உண்டு. டென்னசி சிறைவாசி பிரென்டிஸ் ஹூஸ்டன், தம் ஆட்கொணர்வு மனு தள்ளுபடியான 27-ஆம் நாளில் மேல்முறையீட்டு அறிவிப்பைச் சிறை அதிகாரிகளிடம் ஒப்படைத்தார். நீதிமன்ற முத்திரை விழுந்தது 31-ஆம் நாளில், ஒரு நாள் தாமதமாக. சிறைவாசி தபால்பெட்டிவரை நடந்துபோகவோ எழுத்தர் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் கேட்கவோ முடியாதவர் என்பதால், அதிகாரிகளிடம் ஒப்படைத்த நாளே தாக்கல் செய்த நாள் என்று 1988-இல் 5-க்கு 4 என்ற கணக்கில் முடிவானது. அதற்குச் சாட்சியாக நின்றது சிறையின் அஞ்சல் பதிவேட்டில் இருந்த தேதி.

மனு நிலுவையில் இருக்கும்போதே விடுதலையாகிவிட்டால்?

வழக்கு தானாக முடிந்துவிடாது. தண்டனையின் பின்விளைவுகள் தொடர்வதால் நீதிமன்றம் அதைக் கேட்கலாம் என்று 1968-லேயே தீர்ப்பு உண்டு. ஆனால் வெளியே வந்தவர் வீட்டு முகவரியை நீதிமன்றத்துக்கு எழுத வேண்டும். சிறை அஞ்சல் சலுகையும் அன்றோடு முடிகிறது.

குடும்பத்தார் வெளியிலிருந்து என்ன செய்ய முடியும்?

வழக்கறிஞர் அல்லாதவர் சிறைவாசிக்காக வாதாட முடியாது. எழுத்தர் அலுவலகமும் சட்ட ஆலோசனை தராது. வழக்குப் பதிவேட்டில் கடைசியாக என்ன பதிவாகியிருக்கிறது என்று கேட்டால் சொல்வார்கள். பேசர் என்ற இணைய சேவையில் கணக்குத் தொடங்கினால் பதிவேட்டை வீட்டிலிருந்தே பார்க்கலாம்: பக்கத்துக்கு 10 சென்ட், ஓர் ஆவணத்துக்கு அதிகபட்சம் 3 டாலர், ஒரு காலாண்டில் மொத்தம் 30 டாலருக்கு மிகாவிட்டால் கட்டணமே இல்லை. குடிவரவுக் காவல் வழக்குகளில் மட்டும் ஆவணங்களை வழக்கில் சம்பந்தப்படாதவர்கள் இணையத்தில் திறக்க முடியாது. பதிவேட்டின் வரிகளையும் நீதிமன்ற உத்தரவுகளையும் பார்க்கலாம், மற்றவற்றை நீதிமன்றத்துக்கே போய்த்தான் பார்க்க வேண்டும்.

மாதம் ஒருமுறை பதிவேட்டைப் பார்த்து, கடிதம் திரும்பியதாக ஒரு வரி தென்பட்டால் அன்றே சிறைவாசிக்குத் தெரிவியுங்கள். அவர் எழுத வேண்டியது அரைப் பக்கம்: வழக்கு எண், பெயர், கைதி எண், பழைய முகவரி, புதிய முகவரி, தேதி, கையொப்பம். வழக்குகள் இரண்டு இருந்தால் இரண்டு எண்களுக்கும் தனித்தனியாக எழுத வேண்டும். ஒரு வழக்கில் கொடுத்த முகவரியை இன்னொரு வழக்கின் பதிவேட்டில் எழுத்தர் தாமாக மாற்றுவார் என்று நம்பி இருந்துவிடக் கூடாது. வழக்கு எண்ணை வீட்டில் உள்ள ஒருவரும் எழுதி வைத்திருக்க வேண்டும். மாற்றத்தின்போது பெட்டி வந்து சேரும்வரை, அந்த எண் சிறைவாசிக்குத் தொலைபேசி வழியாகத்தான் கிடைக்கும்.